கரை சேராத கோபுரம்

2022 மார்ச்சில் டிஸ்னி நிறுவனம் ஒரு படத்தை வெளியிட்டது. ஃபுளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குள் பாலினேசியன் வில்லேஜ் என்றொரு விடுதி இருக்கிறது. அதை ஒட்டி ஒரு புதிய கட்டடம் வரப்போகிறது, அது இப்படித்தான் இருக்கும் என்று காட்டும் கம்ப்யூட்டர் ஓவியம் அது. ஏரிக்கரையில் வெளிர் நிறத்தில் ஓர் அடுக்குமாடி, வரிசையாக பால்கனிகள். அவ்வளவுதான். ஆனால் வருஷக்கணக்காக அங்கே போய்த் தங்கிக்கொண்டிருந்த விருந்தினர்களில் நிறையப் பேருக்குக் கோபம் வந்துவிட்டது. மயாமி கடற்கரையில் நிற்கிற ஏதோ ஒரு அபார்ட்மென்ட் மாதிரி இருக்கிறது, இதற்கும் பாலினேசியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள்.

கேட்டதும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தில் ஓர் அமெரிக்கக் கம்பெனி கட்டிய பாலினேசியாவே பொய். அந்தப் பொய்க்குப் பக்கத்தில் வரும் புதுக் கட்டடம் போதுமான அளவு பொய்யாக இல்லை என்று ஒருவர் வருத்தப்பட்டால் வேறென்ன செய்வது? ஆனால் அந்த எதிர்வினைகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. அவற்றில் நல்ல விமர்சனம் இருந்தது. கட்டடக்கலை படிக்காதவர்கள், விடுமுறைக்குக் காசு சேர்த்துக்கொண்டு குழந்தைகளோடு வருகிறவர்கள், கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தைப் பார்த்துச் சரியான கேள்வி ஒன்றைக் கேட்டிருந்தார்கள். அதே சமயம், அவர்களால் கேட்கவே முடியாத இன்னொரு கேள்வியும் இருந்தது. இந்தக் கட்டுரை இரண்டையும் பற்றியது.

*

முதலில் அந்த இடத்தின் கதை. வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபர் 1 அன்று திறந்தது. அன்றே இரண்டு பெரிய விடுதிகளும் திறந்தன: கன்டெம்பரரி, பாலினேசியன். வெல்டன் பெக்கெட்டின் நிறுவனம் வடிவமைத்தது, யு.எஸ். ஸ்டீல் கட்டியது. அறைகளைத் தனியாக ஒரு தொழிற்கூடத்தில் முழுசாகச் செய்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி வைத்தார்கள். எதிரே தெரிகிற 'ஏழு கடல்' ஏரியும் வெட்டியதுதான். ஓலைக்கூரை போலத் தோன்றும் கூரைகள், தீவுகளின் பெயர் தாங்கிய இரண்டு மூன்று மாடி நீள்வீடுகள், நடுவே ஒரு பெரிய வரவேற்புக் கூடம், அதற்குள் ஓர் அருவி. இதில் எதுவும் பாலினேசியாவிலிருந்து வரவில்லை. 1930களில் கலிஃபோர்னியாவின் மதுக்கூடங்களில் தொடங்கி, இரண்டாம் உலகப்போரில் பசிபிக் போய்வந்த சிப்பாய்களின் நினைவுகளோடு கலந்து வளர்ந்த 'டிக்கி' மோகத்திலிருந்து வந்தது.

அதே வளாகத்தில் இன்னும் மூன்று விடுதிகள் திட்டத்தில் இருந்தன. ஒன்று ஆசிய விடுதி, ஒன்று வெனிஸ், ஒன்று பாரசீகம். 1973 எண்ணெய் நெருக்கடியில் திட்டம் நின்றுபோனது. தாய்லாந்துச் சாயலில் வரவேண்டியிருந்த ஆசியாவின் இடத்தில் 1988இல் கிராண்ட் ஃபுளோரிடியன் என்ற விக்டோரிய பாணி மாளிகை எழுந்தது. கண்டங்களை இப்படி மனைப்பிரிவு மாதிரிப் பிரித்துப் போட்ட வரைபடம் அது.

இதைப் பற்றிச் சிந்தனையாளர்கள் சொல்லாமல் விடவில்லை. உம்பெர்த்தோ எக்கோ 1975இலேயே அமெரிக்காவின் அசலை மிஞ்சும் போலிகளைப் பற்றி எழுதிவிட்டார். போத்ரியார் 1981இல் டிஸ்னிலாண்டை வைத்தே தன் வாதத்தைக் கட்டினார். நம் ஊரில் தீம் பார்க் பற்றி எழுதுகிற எவரும் இந்த இரண்டு பெயரையும் சொல்லிவிட்டு, 'எல்லாம் போலி' என்று முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. போலி என்பது அங்கே போகிற எட்டு வயதுக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் கோபம் வருகிறது என்பதுதான் கேள்வி.

நம்முடைய திணைக் கோட்பாடு இதற்கு எக்கோவைவிட நன்றாக உதவும் என்று நினைக்கிறேன். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் மரம், பறவை, தெய்வம், பறை எல்லாம் கருப்பொருள். அங்கே நிகழும் உணர்வு உரிப்பொருள். பாலினேசியன் விடுதியில் முதற்பொருள் வெட்டப்பட்டது. கருப்பொருள் ஆர்டர் செய்து வரவழைக்கப்பட்டது. ஆனால் உரிப்பொருள்? தேனிலவுக்கு வந்த தம்பதி, இருபது வருஷம் கழித்துப் பிள்ளைகளோடு அதே அருவி முன்னால் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள். அந்த உணர்வைப் போலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐம்பது வருஷத்தில் அங்கே விளைந்த ஒரே அசல் பொருள் அதுதான். விருந்தினர்கள் காக்க நினைத்ததும் அதைத்தான்.

ஒரு ராட்டினம் மாறினால் வராத கோபம் விடுதி மாறினால் வருவதும் இதனால்தான். பார்க்குக்குப் போகிறவர் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். விடுதியில் தங்குகிறவர் அந்த இடத்தை ராத்திரியிலும் பார்க்கிறார், விடியற்காலையிலும் பார்க்கிறார். காபிக் கோப்பையோடு வராந்தாவில் நிற்கிறார். நாலு நாளில் அது 'நம்ம இடம்' ஆகிவிடுகிறது.

*

இப்போது அவர்கள் சொன்ன குறைகளுக்கு வருகிறேன். சுருக்கினால் மூன்று. புதுக் கட்டடத்தின் முகம் பழையதோடு ஒட்டவில்லை. தாழ்ந்த நீள்வீடுகளுக்குப் பக்கத்தில் அது மிக உயரம். இருக்கிற நீச்சல்குளத்தையும் மோனோரயிலையும் இன்னும் பலர் பங்குபோட வேண்டிவரும்.

மூன்றாவது எந்த ஊர் அடுக்குமாடி சங்கக் கூட்டத்திலும் கேட்கக்கூடியதுதான். முதல் இரண்டும்தான் எனக்கு முக்கியம். அவற்றைப் புரிந்துகொள்ள நான் வசிக்கும் காஞ்சிபுரத்தில் ஒரு சொல் இருக்கிறது: கோர்வை.

பட்டுச்சேலை கட்டுகிறவர்களில் பலருக்கே இது தெரிவதில்லை. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று நாடா ஓடும். ஒரு பக்கக் கரைக்கான நாடாவைத் தள்ளிக்கொடுக்கப் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். ஒவ்வொரு ஊடையிலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும். வேலை மெதுவாகத்தான் நகரும். நெய்து முடித்ததும் சேருமிடத்தில் சின்னப் பல்வரிசை மாதிரி ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டை மறைக்க மாட்டார்கள். அதுதான் அடையாளம். சேலை நைந்து கிழிந்தாலும் கரை தனியாக வந்துவிடாது என்று பிள்ளையார்பாளையத்தில் சொல்வார்கள்.

கோர்வையின் விதி இதுதான்: இரண்டும் வேறு வேறாகத் தெரியலாம், தெரியவும் வேண்டும், ஆனால் ஒவ்வோர் இழையிலும் பிடித்திருக்க வேண்டும். டிஸ்னியின் விருந்தினர்கள் இந்தச் சொல் தெரியாமலே இதைத்தான் கேட்டார்கள். புதுசே வேண்டாம் என்று சொன்னவர்கள் குறைவு. ஒரு நாடா பழைய நீள்வீட்டிலிருந்து புறப்பட்டுப் புதுக் கட்டடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பட்டும் என்பதுதான் பெரும்பாலோரின் ஆசை. கூரையின் சரிவோ, மரத்தின் நிறமோ, ஏதோ ஓர் இழை. படத்தில் அது இல்லை. கரையை மெஷினில் வைத்துத் தைத்த மாதிரி இருந்தது.

உயரத்துக்கும் இதே பதில்தான். காஞ்சியில் இருப்பவன் உயரத்தைக் குறை சொல்ல முடியாது. ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தை 1509இல் கிருஷ்ணதேவராயர் கட்டினார். ஏறத்தாழ 190 அடி. உள்ளே இருக்கும் கருவறை அதன் காலடியில் சின்னதாகிவிட்டது. சுற்றியிருந்த பழைய கட்டடங்கள் எல்லாவற்றையும் அது குள்ளமாக்கிவிட்டது. ஆனாலும் கோபுரம் கோயிலைக் கெடுத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் கோபுரம் ஒரு வாசல். அதன் வேலையே உங்களைத் தடுத்து நிறுத்தாமல் உள்ளே அனுப்புவது. தூரத்திலிருந்து கூப்பிடும், பக்கத்தில் வந்ததும் வழிவிடும். ஃபுளோரிடாவின் பத்து மாடிக் கட்டடமோ தன் முகத்தை ஏரிக்கும் வாணவேடிக்கைக்கும் கொடுத்துவிட்டு, பழைய விடுதிக்குப் பக்கவாட்டில் தன் பாட்டுக்கு நிற்கிறது. வாசலாக இல்லாமல் காட்சியை எடுத்துக்கொள்கிற உயரம் அது.

சேர்க்கை கெட்டுப்போகும் விதமும் காஞ்சியில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில் விமானமும் முன்னால் உள்ள மண்டபமும் முதலில் தனித்தனியாக நின்றன. பிற்காலத்தில் நடுவில் ஓர் அர்த்தமண்டபம் கட்டி இரண்டையும் இணைத்தார்கள். வழிபாட்டுக்கு வசதிதான். ஆனால் இரண்டு கட்டடங்களுக்கு இடையில் இருந்த வெளி போய்விட்டது. அந்த வெளியும் சிற்பியின் கணக்கில் இருந்தது என்பது அங்கே நின்று பார்த்தால் புரியும். இணைப்பது எல்லாம் கோர்வை ஆகிவிடாது.

விருந்தினர்களின் கோபத்துக்கு முன்கதையும் உண்டு. 2014இல் வரவேற்புக் கூடத்தின் அருவியை எடுத்தார்கள். 2015இல் ஏரிக்குள் கால் ஊன்றி நிற்கும் தனிக் குடில்களைக் கட்டினார்கள், அவை கடற்கரையிலிருந்து தெரிந்த காட்சியை மறைத்தன. 2022இல் இந்தப் படம். ஒவ்வொன்றும் தனியாகச் சின்ன விஷயம். சேர்த்துப் பார்த்தால், எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒன்று அதிகக் காசு கொடுக்கிறவரின் பால்கனிக்கு இடம் மாறிக்கொண்டே வருகிறது. நம் ஊரில் ஏரிக்கரை வில்லா விளம்பரங்களைப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. புதுக் கட்டடம் டிஸ்னி வெகேஷன் கிளப்பைச் சேர்ந்தது. பாயின்ட் கணக்கில் வருஷங்களை முன்கூட்டியே விலைகொடுத்து வாங்கும் ஏற்பாடு. ஏற்கெனவே பாலினேசியனில் பங்கு வைத்திருந்தவர்களின் சங்கத்திலேயே புதுக் கட்டடத்தையும் சேர்த்தார்கள். பழையவர்களுக்கு 2066 ஜனவரியில் ஒப்பந்தம் முடிகிறது, புதியவர்களுக்கும் அதே நாள்தான். ஆக, பத்திரத்தில் கோர்வை கச்சிதம். ஓர் இழைகூடப் பிசகவில்லை. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் நாடா ஓடவில்லை. மென்பொருள் வேலையில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். டேட்டாபேஸ் அளவில் இரண்டு சிஸ்டத்தையும் அழகாக இணைத்துவிட்டு, பயன்படுத்துகிறவர் பார்க்கும் திரையை அப்படியே விட்டுவிடுவோம். கணக்கு சரியாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எல்லாருக்கும் தோன்றிவிடும்.

*

இதுவரை விருந்தினர்கள் பக்கம். அவர்களின் விமர்சனம் எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

'விருந்து' என்ற சொல்லுக்குத் தமிழில் புதுமை என்று பொருள். தொல்காப்பியம் புதிதாக இயற்றப்படும் நூலையே விருந்து என்ற வனப்பாகச் சொல்கிறது. வீட்டுக்குப் புதிதாக வந்தவர் என்பதால்தான் அவரும் விருந்து. அப்படியென்றால் எதிரே வீட்டுக்காரர் ஒருவர் இருந்தாக வேண்டும். ஓம்புகிறவர் இல்லாமல் விருந்து இல்லை.

பாலினேசியன் விடுதியில் ஐம்பது வருஷப் பழைய விருந்தினர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் யார்? கம்பெனியா? கம்பெனி கடைக்காரர். ஹவாய், சமோவா, தோங்கா, தாஹிதி என்ற பெயர்களுக்கு உரிய மக்கள் அந்தப் பேச்சில் அநேகமாக இல்லை. 'இது பாலினேசியா மாதிரி இல்லை' என்று விருந்தினர்கள் சொன்னபோது அவர்கள் ஒப்பிட்டது 1971இன் ஃபுளோரிடாவோடு. அதுதான் அவர்களுடைய அசல்.

புதுக் கட்டடம் எழுந்த இடத்தைப் பாருங்கள். அங்கேதான் பல பத்தாண்டுகளாக மாலைவேளையில் இரவு உணவோடு லூவாவ் நிகழ்ச்சி நடந்தது. ஹவாயின் ஹூலா, தாஹிதியின் ஆட்டம், சமோவாவின் தீக்கத்தி. சுற்றுலாவுக்காகச் சுருக்கப்பட்ட கலைதான். ஆனாலும் அந்த வளாகம் முழுவதிலும் பசிபிக் தீவுகளின் கலை உடம்பால் நிகழ்ந்த மேடை அது ஒன்றுதான். 2020இல் கொரோனாவில் நின்றது, திரும்ப வரவே இல்லை. அந்த இடத்தில்தான் பால்கனிகள் எழுந்தன. அந்த நிகழ்ச்சிக்காக வருந்திய விருந்தினர்களும் இருந்தார்கள். ஆனால் மொத்தப் பேச்சின் எடை கட்டடத்தின் முகத்தின் மேல்தான் விழுந்தது. வீட்டுக்காரர் கடைசியாக நின்றிருந்த திண்ணை போனதைவிட, வீட்டின் பெயின்ட் பெரிய விஷயமாகிவிட்டது.

டிஸ்னிக்கு இது தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2011இல் ஹவாயின் ஒவாஹு தீவில் அவுலானி என்ற விடுதியைத் திறந்தார்கள். ஹவாய்ப் பண்பாட்டு ஆலோசகர்களை வைத்துக்கொண்டார்கள், ஹவாய்க் கலைஞர்களின் வேலைகளை வாங்கி வைத்தார்கள். ஒலெலோ ரூம் என்ற மதுக்கூடத்தில் பொருள்கள் மேலெல்லாம் ஹவாய் மொழிப் பெயர்கள். ஹவாய்க்கு இதனால் என்ன கிடைத்தது என்பது தனி விவாதம். ஆனால் வீட்டுக்காரர் கண்ணெதிரே இருக்கும்போது கம்பெனியின் கை கொஞ்சம் நடுங்குகிறது. ஃபுளோரிடாவில் நடுங்கத் தேவையில்லை.

வீட்டுக்காரர் வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே கண்டலம குளத்தை ஒட்டி ஒரு விடுதி திட்டமிடப்பட்டபோது, 1990களின் தொடக்கத்தில், பிக்குகளும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் போராடினார்கள். குளத்துத் தண்ணீர் கெடும், குகைக் கோயிலின் சூழல் கெடும் என்றார்கள். விருந்தினர் ஒருவர்கூட இன்னும் வந்திராத விடுதி அது. வடிவமைத்தவர் ஜெஃப்ரி பாவா. சிகிரியாவுக்குப் பக்கத்தில் முதலில் சொன்ன இடத்தை விட்டுத் தள்ளி, கண்டலமவை அவர்தான் தேர்ந்தெடுத்திருந்தார். பாறையை ஒட்டி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து போகும் அந்தக் கட்டடம் 1994இல் திறந்தது. இன்று கொடிகள் மூடி, எது கட்டடம் எது காடு என்று தெரியாத அளவுக்கு ஒட்டிக்கொண்டது. எதிர்த்தவர்கள் தோற்றார்களா ஜெயித்தார்களா என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி தண்ணீரைப் பற்றியது, நிலத்தைப் பற்றியது. பால்கனியிலிருந்து கேட்க முடியாத கேள்விகள் அவை.

*

நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் தீம் பார்க் என்றால் இதுவரை ஒருநாள் சங்கதி. வி.ஜி.பி.யில் சிலை மனிதனைச் சிரிக்கவைக்கப் பார்த்தது, கிஷ்கிந்தாவில் நனைந்துவிட்டு ஈரத்துணியோடு வேனில் திரும்பியது. தங்கியதில்லை. அதனால் ஓர் இடத்தை நம்முடையது என்று கோபப்படும் பழக்கமும் வரவில்லை. இது மாறப்போகிறது என்று நினைக்கிறேன். 2025 டிசம்பரில் இள்ளலூரில் வொண்டர்லா திறந்தது. 64 ஏக்கர், 611 கோடி ரூபாய். 2019 வரை இள்ளலூர் எங்கள் மாவட்டம், இப்போது செங்கல்பட்டு. சுவிட்சர்லாந்து நிறுவனம் செய்த அதன் பெரிய ரோலர்கோஸ்டருக்குப் பெயர் 'தஞ்சோரா'. அலங்காரங்களில் திராவிடக் கட்டடக்கலையின் சாயல். அதே நிறுவனத்தின் பெங்களூர் பார்க்கில் 2012 முதலே தங்கும் விடுதி இருக்கிறது. இங்கும் என்றாவது ஒரு நிறுவனம் விடுதி கட்ட நினைக்கும், அதற்கு ஒரு தீம் தேடும். காஞ்சிபுரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. லாபியில் ஒரு தறி, லிஃப்ட் கதவில் கோபுரக் கோடு, படுக்கை விரிப்பில் பட்டுக்கரை மாதிரி அச்சு.

இதில் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன், எல்லாமே தப்பு என்றும் சொல்ல மாட்டேன். வேறு வழியும் உண்டு என்பதற்கு முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. டெபோரா தியாகராஜன் முன்னெடுத்து, லாரி பேக்கரின் வடிவமைப்பில் 1996இல் திறந்த இடம். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்துக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் அங்கே உண்டு. தங்குவதற்கு அறைகளும் உண்டு. கண்ணாடிப்பெட்டி வாடை அங்கேயும் கொஞ்சம் அடிக்கிறது, மறுக்கவில்லை. வீடு வந்துவிட்டது, தெரு வரவில்லை. ஆனால் அந்தத் திண்ணையின் அகலத்தை ஓர் ஓவியர் கணினியில் ஊகித்துப் போடவில்லை. வீட்டுக்காரர் ஒருவர் பாவு நீட்ட வேண்டியிருந்ததால் வந்த அளவு அது.

பாலினேசியனின் புதுக் கட்டடம் 'ஐலண்ட் டவர்' என்ற பெயரில் 2024 டிசம்பர் 17 அன்று திறந்தது. முகம் பெரிதாக மாறவில்லை. தங்கிவந்தவர்களில் பலருக்கு அறைகள் பிடித்திருந்தன, வாணவேடிக்கை நன்றாகத் தெரிகிறது என்றார்கள். ஆச்சரியமில்லை. உள்ளே நிற்பவர் கண்ணுக்கு அந்தக் கட்டடம் மட்டும் தெரியாது. வாடிக்கையாளரின் கோபம் முன்பதிவு செய்கிற நொடியில் கரைந்துவிடும். அதை நம்பித்தான் கம்பெனிகள் படத்தை முதலில் வெளியிடுகின்றன.

வீட்டுக்காரரின் கோபம் அப்படிக் கரையாது, அவருக்குச் செக்-அவுட் நேரம் கிடையாது. அதனால் காஞ்சிபுரத்தின் பெயரில் ஒரு விடுதிப் படம் வெளியாகும் நாளில், கரை ஒட்டியிருக்கிறதா என்று நம்மைப் போன்ற விருந்தினர்கள் தாராளமாகக் கேட்போம். அது நல்ல கேள்விதான். ஆனால் லாபியில் நிற்கப்போகும் தறியில் யார் உட்காரப்போகிறார், எத்தனை மணி நேரம், என்ன கூலிக்கு, அவர் நெய்வது நிஜமாகவே கோர்வைதானா அல்லது ஒற்றை நாடாவைச் சும்மா ஓட்டிக்காட்டுவதா என்பதைப் பிள்ளையார்பாளையத்தில் கேட்க ஆள் இருக்கிறார்கள். படத்தை முதலில் அவர்களிடம் காட்டட்டும்.